லினக்ஸில் ஓடுவது யார்? – ஒரு கேள்வியின் வரலாறு

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "நீங்க கம்ப்யூட்டர்காரர். இப்ப படிக்கிற பசங்களுக்கும் பயன்படணும், பழைய ஆளுங்களுக்கும் போரடிக்கக் கூடாது. வரலாற்றுக் கட்டுரையா ஒண்ணு கொடுங்க சார்" என்றார்கள். என்ன எழுதுவது என்று யோசித்தபோது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குள் போகிறேன்.

1999 மார்ச் மாதம். நம் கம்ப்யூட்டர் லேபில் இருந்த ஒரே பென்டியம் மெஷினில், பத்திரிகையோடு வந்த சி.டி.யை வைத்து லினக்ஸ் போட்டிருந்தோம். மற்ற பழைய மெஷின்களிலிருந்து டெல்நெட் வழியாக அதற்குள் நுழைவோம். நான் எம்.சி.ஏ. கடைசி வருடம். 'லினக்ஸ் தெரிஞ்ச அண்ணன்' என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு சாயங்காலம் எம்.எஸ்ஸி. இயற்பியல் தம்பி ஒருவன் வந்து நின்றான். கிராமத்திலிருந்து வந்தவன், தமிழ் மீடியம், கூச்ச சுபாவம். "அண்ணே, சிஸ்டம் தொங்குதுண்ணே. டைப் அடிச்சா எழுத்தே வர மாட்டேங்குது" என்றான். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "டாப் கமாண்ட் போட்டுப் பாரு. மேல எது நிக்குதோ அதுக்கு கில் மைனஸ் நைன் போடு. இதுக்கெல்லாமா கேள்வி?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் போய் நான் சொன்னதை அப்படியே செய்தான்.

அவன் பெயரில் இரண்டு ப்ராசஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டின் பெயரும் 'ஏ.அவுட்'. சி கம்பைலரிடம் நாம் பெயர் சொல்லாவிட்டால் அது வைக்கும் பெயர் அது. ஒன்று, காலையில் சோதனைக்கு எழுதி, முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு லூப். மற்றொன்று, ஓர் உலோகத் தகட்டில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று முந்தின நாள் மாலையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அவனுடைய ப்ராஜெக்ட். இரண்டும் ஆளுக்குப் பாதியாக சிபியுவைத் தின்றுகொண்டிருந்தன. அந்த நொடியில் மேலே நின்றது ப்ராஜெக்ட். விடை முழுவதையும் கடைசியில்தான் ஃபைலில் எழுதும்படி அவன் ப்ரோக்ராம் எழுதியிருந்தான். போயிற்று. மறுநாள் காலை சமர்ப்பிக்க வேண்டும். பாதி முடிவுகளோடு சமர்ப்பித்தான். மார்க் குறைந்தது.

டாப் காட்டும் பட்டியலில் 'டைம்' என்று ஒரு பத்தி உண்டு. அந்த ப்ராசஸ் இதுவரை எவ்வளவு சிபியு நேரம் செலவழித்திருக்கிறது என்று அது சொல்லும். ஒன்றில் பல மணி நேரம், மற்றதில் அதைவிட மிகக் குறைவு. எழுந்து போய் அந்த ஒரு பத்தியைப் பார்த்திருந்தால் போதும். நான் போகவில்லை. என்ன ஓடுகிறது என்று திருப்பிக் கேட்கவும் இல்லை.

இந்த 'என்ன ஓடுகிறது?' என்ற கேள்விக்குத்தான் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

அட்டைக் காலம்

நம் சங்கத்து மூத்தவர்களுக்கு அட்டைக் காலம் நினைவிருக்கும். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 370 கம்ப்யூட்டர் வந்தது. அந்தத் தலைமுறைக்கு ப்ரோக்ராம் என்றால் ஓட்டை போட்ட அட்டைக்கட்டு. கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வந்து, பிறகு போய் விடையை வாங்க வேண்டும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் மறுபடியும் வரிசை. ஆகவே கொடுக்கும் முன் பத்து தடவை பார்ப்பார்கள். கேள்வி கேட்பதற்கு விலை அதிகம். அதனால் யோசித்துக் கேட்டார்கள்.

அந்த வரிசையை ஒழிக்க நினைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. 1961 நவம்பரில் அவரும் அவர் குழுவினரும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையைச் செய்து காட்டினார்கள். ஒரே கம்ப்யூட்டர், பல டெர்மினல்கள். ஒருவர் வேலையைக் கொஞ்சம் செய்து, நிறுத்தி வைத்து, அடுத்தவர் வேலையைக் கொஞ்சம் செய்யும். ஒரே சமையற்காரர் நாலு அடுப்பைப் பார்த்துக்கொள்வது மாதிரி. மாறி மாறிப் பார்ப்பது மிக வேகமாக நடப்பதால், ஒவ்வொருவருக்கும் மெஷின் தனக்கே சொந்தம் என்று தோன்றும்.

இப்படி மாறி மாறிச் செய்ய வேண்டுமென்றால், நிறுத்திய வேலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கத் தேவையான எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வரியில் நின்றது, எந்த நினைவகம் அதனுடையது, யார் சொந்தக்காரர் என்று. அந்தக் குறிப்போடு சேர்ந்த ஓடும் வேலைக்குத்தான் ப்ராசஸ் என்று பெயர். ப்ரோக்ராம் என்பது சமையல் குறிப்பு. ப்ராசஸ் என்பது அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பு. ஒரே குறிப்பை வைத்து இரண்டு அடுப்பில் குழம்பு வைக்கலாம். அந்தத் தம்பியின் இரண்டு குழம்புக்கும் ஒரே பெயர் அமைந்ததுதான் வினையாகப் போயிற்று.

இருபத்தேழு வரி

எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து, இதைவிடப் பெரிதாக மல்டிக்ஸ் என்ற திட்டத்தை நடத்தின. 1969-ல் பெல் லேப்ஸ் அதிலிருந்து விலகியது. அங்கே வேலை பார்த்த கென் தாம்ப்சன், யாரும் அதிகம் தொடாத பிடிபி-7 என்ற சிறு மெஷினில் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். டென்னிஸ் ரிச்சியும் சேர்ந்துகொண்டார். அதுதான் யூனிக்ஸ்.

தொடக்கத்தில் அதில் இரண்டு டெர்மினல்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ப்ராசஸ். பிறகு 'ஃபோர்க்' வந்தது. ஓடும் ப்ராசஸ் தன்னைப் போலவே ஒரு பிள்ளையை உண்டாக்கும் வசதி. இந்த யோசனை பெர்க்லியில் இருந்த ஒரு டைம்ஷேரிங் முறையிலிருந்து வந்தது. பிடிபி-7-ல் அதைச் சேர்க்க அசெம்ப்ளியில் 27 வரிகளே தேவைப்பட்டன என்று ரிச்சி பின்னாளில் எழுதினார். இன்றைக்கும் நீங்கள் லினக்ஸில் ஒரு கமாண்டைத் தட்டினால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ஷெல் ஒரு பிள்ளையைப் பெறுகிறது. பிள்ளை அந்த வேலையைச் செய்து முடித்து மறைகிறது. தாய் காத்திருந்து அடுத்த கமாண்டைக் கேட்கிறது.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஃபோர்க் வந்ததும், அதுவரை ஒழுங்காக வேலை செய்த, அடைவு மாற்றும் கமாண்ட் வேலை செய்யவில்லை. கமாண்ட் ஓடுகிறது, பிழைச் செய்தி இல்லை, ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கிறோம்! யூனிக்ஸை எழுதியவர்களே கோடை வரி வரியாகப் படித்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிறகுதான் புரிந்தது: அடைவு மாறியது பிள்ளைக்கு, பிள்ளை வேலையை முடித்து மறைந்துவிட்டது, தாய் பழைய இடத்திலேயே நிற்கிறாள். அதனால் அந்தக் கமாண்டை ஷெல்லுக்குள்ளேயே வைக்க வேண்டியதாயிற்று.

மாணவத் தம்பி தங்கைகளே, இன்றைக்கு ஷெல் ஸ்க்ரிப்டில் 'சிடி' போட்டுவிட்டு, "ஸ்க்ரிப்ட் முடிஞ்சதும் ஏன் சார் பழைய ஃபோல்டர்லயே இருக்கேன்?" என்று நீங்கள் கேட்கிறீர்களே, அது தாம்ப்சனும் ரிச்சியும் விழித்த அதே இடம். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜெராக்ஸில் வளர்ந்த பாடம்

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்று ஓர் ஆசிரியர். மாணவர்கள் ஒரு நிஜமான ஆபரேட்டிங் சிஸ்டத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் சுமார் 9,000 வரிகளையும் அச்சிட்டு, அதற்கு விளக்கவுரையும் எழுதினார். 1977-ல் அது முழு வடிவம் பெற்றது.

அந்தக் கோடில், ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் ஒரு புகழ்பெற்ற குறிப்பு இருக்கிறது. இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்கிற பொருளில். படித்தவர்கள் பலர் அதைத் திமிர் என்று நினைத்தார்கள். 'இது பரீட்சையில் வராது' என்று வாத்தியார் சொல்வது மாதிரிதான் எழுதியது என்று ரிச்சி பிறகு விளக்கினார். அதோடு இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார்: அங்கே நடப்பது அப்போது தங்களுக்கே முழுதாகப் புரியவில்லை என்று! எழுதியவரே இப்படிச் சொல்லும்போது, புரியவில்லை என்று சொல்ல முதலாண்டு மாணவன் ஏன் கூச வேண்டும்?

1979-ல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலக் கோடை வகுப்பறையில் பாடமாக நடத்தக் கூடாது என்று உரிமத்தில் நிபந்தனை வந்தது. லயன்ஸ் புத்தகத்தை வெளிப்படையாக விற்க வழியில்லை. பிறகென்ன, ஜெராக்ஸ்தான். நகலின் நகலாக உலகமெங்கும் சுற்றியது. பாடப் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டுப் படித்த நமக்கு இது புரியாத விஷயமா? 1996-ல்தான் அது முறைப்படி அச்சாகி வந்தது. லயன்ஸ் 1998-ல் காலமானார்.

அதே நிபந்தனையால் தவித்த இன்னொரு ஆசிரியர், ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஆண்ட்ரூ டானன்பாம். நடத்த வேறு கோடு இல்லையென்றால் தாமே எழுதிவிடுவது என்று மினிக்ஸ் என்ற சிறு சிஸ்டத்தை எழுதி 1987-ல் புத்தகத்தோடு வெளியிட்டார். அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களில் ஒருவர் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ்.

ஏ-யும் பி-யும்

1991 தொடக்கத்தில் லினஸ் ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கினார். அதை நன்றாகப் புரிந்துகொள்ள அவர் எழுதிய முதல் சோதனைகளில் ஒன்று: இரண்டு ப்ராசஸ்கள். ஒன்று திரையில் ஏ என்று எழுதிக்கொண்டே இருக்கும். மற்றது பி என்று. கொஞ்ச நேரம் ஏ, கொஞ்ச நேரம் பி என்று திரை மாறி மாறி நிரம்பினால், மெஷின் இரண்டுக்கும் நேரத்தைப் பங்கு போடுகிறது என்று பொருள். நிரம்பியது. லினக்ஸ் முளைத்தது அங்கேதான்.

அவர் கேள்வி கேட்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். 1991 ஜூலை 3-ம் தேதி மினிக்ஸ்காரர்கள் கூடும் யூஸ்நெட் குழுவில் கேட்டார்: நான் மினிக்ஸில் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன், அதற்கு போசிக்ஸ் தரத்தின் விதிகள் தேவை, எங்கே கிடைக்கும் என்று. என்ன செய்கிறேன், என்ன தேவை, எதற்காக – மூன்றும் சில வரிகளில். ஆகஸ்ட் 25-ம் தேதி, தான் எழுதும் சிஸ்டத்தைப் பற்றி அறிவித்தபோதும் பெருமை அடிக்கவில்லை. எதில் எழுதுகிறேன், எது ஓடுகிறது, எது ஓடாது என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன வசதி வேண்டும் என்று கேட்டார். அப்போது வயது 21. உலகம் பதில் சொன்னது. செப்டம்பரில் முதல் பதிப்பு. இன்று நம் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ்தான். 2017 நவம்பர் முதல் உலகின் தலைசிறந்த 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் அத்தனையும் லினக்ஸ்தான்.

ஒவ்வொரு கருவியும் ஒரு கேள்வி

ப்ராசஸ்களை நிர்வகிக்க நாம் இன்று பயன்படுத்தும் கமாண்டுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். யாரோ ஒருவருக்கு வந்த கேள்விக்கு விடையாகப் பாருங்கள், மறக்காது.

'யார் யார் ஓடுகிறார்கள்?' என்றால் பிஎஸ். 1970களின் தொடக்கத்து யூனிக்ஸிலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஓர் எண், அதாவது பிஐடி; அதன் தாய்க்கும் ஓர் எண். 'இந்த நிமிடம் அதிகம் தின்பது யார்?' என்றால் டாப். 1984-ல் வில்லியம் லெஃபெவ்ர் எழுதியது. 'கொல்லாமல் நிறுத்தி வைத்து, பிறகு தொடர முடியுமா?' என்றால் கண்ட்ரோல்-இசட். 1980 வாக்கில் பெர்க்லி யூனிக்ஸோடு பரவிய வசதி இது. நிறுத்தியதைப் பின்னணியில் ஓடவிட பிஜி, முன்னால் கொண்டுவர எஃப்ஜி. 'இதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லலாமா?' என்றால் நைஸ், ரீநைஸ்.

'ஒரு ப்ராசஸின் உள்ளே எட்டிப் பார்க்கலாமா?' என்று கேட்டவர் பெல் லேப்ஸின் டாம் கில்லியன். ப்ராசஸ்களையே ஃபைல்களாகப் பார்க்கும் முறையை 1984-ல் விவரித்தார். லினக்ஸில் 'ப்ராக்' என்ற அடைவுக்குள் போனால், ஒவ்வொரு பிஐடிக்கும் ஓர் அறை இருக்கும். பிஎஸ்ஸும் டாப்பும் செய்தி சேகரிப்பது அங்கிருந்துதான்.

இனி கில். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சமிக்ஞை அனுப்பும் கமாண்ட். எண் எதுவும் சொல்லாவிட்டால் 15-ஐ அனுப்பும். 'வேலையை முடித்துக்கொள்ளப்பா' என்று மரியாதையாகச் சொல்வது அது. ப்ராசஸ் அதைக் காதில் வாங்கி, ஃபைலில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போகும்படி ப்ரோக்ராம் எழுதலாம். 9-ம் எண் அப்படியல்ல. அதை எந்த ப்ராசஸும் தடுக்கவோ, காதில் வாங்கவோ முடியாது. கெர்னலே தூக்கிவிடும். ஆகவே முதலில் 15, கொஞ்சம் பொறுமை, வேறு வழியே இல்லையென்றால் 9. பட்டியலில் நிலை 'இசட்' என்று இருந்தால் அது ஏற்கெனவே செத்த ப்ராசஸ். அதன் தாய் இன்னும் கணக்கை முடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு 9 அனுப்பிப் பயனில்லை. 'டி' என்று இருந்தால் பெரும்பாலும் டிஸ்க் போன்ற எதற்கோ காத்து நிற்கிறது. அதுவும் சாதாரணமாக 9-க்கு அசையாது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி 'எப்படிக் கொல்வது?' என்பதல்ல, 'எதற்காகக் காத்திருக்கிறது?' என்பது.

கேட்பவர்களுக்கு

கேள்வி கேட்பது பற்றியே எழுதியிருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த சைமன் டாதம் 1999-ல், கோளாறுகளை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் எரிக் ரேமண்டும் ரிக் மோவனும் புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது பற்றி ஒன்று எழுதினார்கள். இரண்டும் நல்லவை. எனக்குப் பிடித்தது டாதம் கட்டுரை. அதில் உள்ள அடிப்படை எளிது. நடந்ததைச் சொல், உன் ஊகத்தைத் தனியாகச் சொல்.

நம் பேச்சில் சொன்னால் இப்படி. "சிஸ்டம் தொங்குது" என்பது ஊகம். "மதியம் ரெண்டு மணியிலேர்ந்து டைப் அடிச்சா எழுத்து லேட்டா வருது. டாப்-ல ரெண்டு ஏ.அவுட் இருக்கு, ரெண்டும் ஏறக்குறைய ஐம்பது சதவீதம். ஒண்ணுல டைம் அதிகம், ஒண்ணுல கம்மி. அதிகமா இருக்கிறது நேத்து நான் போட்ட ப்ராஜெக்ட்னு நினைக்கிறேன். எதை நிறுத்தலாம்?" என்பது கேள்வி. இப்படி எழுதிப் பார்த்தால், பாதி நேரம் கேட்கும் முன்பே விடை தெரிந்துவிடும். பிழைச் செய்தி வந்தால் ஓர் எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் என்ன மாற்றினீர்கள், ஏற்கெனவே என்ன முயன்றீர்கள் என்பதையும் சேருங்கள். ஆங்கிலம் வரவில்லையா, தமிழில் கேளுங்கள். பிஐடி எண்ணுக்கு மொழி கிடையாது.

பதில் சொல்பவர்களுக்கு

இதுவரை சொன்னது மாணவர்களுக்கு. இனி என் வயதுக்காரர்களுக்கு. அந்த 1999 கேள்வி சரியில்லாத கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிதாக வந்தவனுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்றே தெரியாது. தெரிந்தால் அவனுக்கு நாம் எதற்கு? "என்ன ஓடுதுப்பா உன் பேர்ல? எப்ப ஆரம்பிச்சே?" என்று இரண்டு கேள்வியை நான் திருப்பிக் கேட்டிருந்தால் அவன் கேள்வி தானாகவே நல்ல கேள்வியாகியிருக்கும். நல்ல கேள்வி என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்வது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சந்திப்பில் அவரைப் பார்த்தேன். இப்போது இயற்பியல் ஆசிரியர். மன்னிப்புக் கேட்டேன். "அட, அதை விடுங்கண்ணே. அதுக்கப்புறம் எந்த ப்ரோக்ராம் எழுதினாலும் நூறு சுத்துக்கு ஒரு தடவை ஃபைல்ல எழுதிருவேன். நல்ல பாடம்" என்று சிரித்தார். "அப்புறம் ஏன் என்கிட்ட எதுவுமே கேக்கல?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யார்கிட்டயுமே கேக்கலண்ணே. சிரிச்சிருவாங்களோன்னு பயம்" என்றார். போன மார்க்கைவிட அதுதான் என்னைச் சுட்டது.

தம்பி தங்கைகளே, இந்தச் சந்திப்புக்கு நாங்கள் பலர் வருகிறோம். உங்கள் லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள். டாப் போட்டுப் பார்த்து, கண்டதைக் குறித்துக்கொண்டு வந்து கேளுங்கள். குறிக்காமல் வந்தாலும் பரவாயில்லை. இந்தத் தடவை நான் எழுந்து வந்து பார்க்கிறேன்.

– முன்னாள் மாணவன், எம்.சி.ஏ., 1996–99